கிரானைட் மேடையில் ஒரு ஃப்ளோர் டாம்

போன மாதம் தூத்துக்குடியில், அதற்கு முன் பார்த்தே இராத ஒரு குடும்பத்தின் சமையலறையில், விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் குனிந்து நின்றேன். கிரானைட் மேடைமேல் ஸ்கின் கழற்றிய 16 இன்ச் ஃப்ளோர் டாம். உள்ளே எரிகிற டார்ச். மேலே மூடியாக அந்த வீட்டின் பெரிய தாம்பாளம். அந்த வீட்டு அம்மா மிக்ஸியையும் எண்ணெய்த் தூக்கையும் ஓரமாகத் தள்ளி இடம் செய்து கொடுத்துவிட்டு, "என்ன தம்பி பாக்குதீங்க?" என்றார்.

"அடியில வெளிச்சம் கசியுதான்னு பாக்குறேன்மா."

டாமை மெல்லத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரே ஓர் இடத்தில், ஒரு சாண் நீளத்துக்கு, நூலளவு வெளிச்சம் கசிந்தது. நாலு மாதம் அலைந்து, கடைசியில் இதுதான் நமக்கு என்று மனசு சொன்ன செட். நெஞ்சு கொஞ்சம் இறங்கிப் போனது உண்மை. அது என்ன என்று பிறகு சொல்கிறேன்.

பழைய டிரம் செட் வாங்குவதைப் பற்றி எழுதச் சொல்லிக் குழுவில் இருக்கும் தம்பிகள் இரண்டு மூன்று பேர் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் பதினாறு வருடமாகத் திருச்சியில் மெல்லிசைக் குழுக்களுக்கு வாசிக்கிறேன். பங்குனியில் ஆரம்பித்தால் ஆடி வரை திருவிழாக் கச்சேரி, நடுவில் கல்யாண வரவேற்பு. சமீப வருடங்களாக ஒலிப்பதிவு வேலையும் வருகிறது: பக்திப் பாடல்கள், சொந்தமாகப் பாட்டுப் போட்டு வெளியிடும் பிள்ளைகளின் பாடல்கள். இந்த இரண்டாவது வேலைதான் என் பழைய செட்டின் குட்டை உடைத்தது.

அந்தச் செட்டைப் புதிதாக வாங்கியிருந்தேன். விலை மலிவு, பளபளப்பு அதிகம். மேடையில் பத்து வருடம் ஒரு குறையும் தெரியவில்லை. அத்தனை ஸ்பீக்கர், கீபோர்டு, தவில், கூட்டத்தின் சத்தம். அதற்குள் ஒரு டாம் எப்படி ஒலிக்கிறது என்று யார் கேட்கப் போகிறார்கள்? ஒரு நாள் அதை ஸ்டுடியோவுக்குக் கொண்டு போனேன். 12 இன்ச் டாமுக்கு மட்டும் இரண்டு மணி நேரம் சுருதி வைத்தோம். டிரம் கீயை எந்த லக்கில் திருப்பினாலும் எதிர்ப்பக்கம் ஒரு முனகல். ஒலிப்பதிவு செய்த தம்பி ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "அண்ணே, இதுல நோட்டே நிக்கலண்ணே" என்றான். வீட்டுக்கு வந்து ஸ்கின்னைக் கழற்றி டேப் வைத்து அளந்தேன். ஒரு திசையில் ஓர் அளவு, குறுக்கே அளந்தால் நாலு மில்லிமீட்டர் கூடுதல். ஷெல், அதாவது டாமின் மர உடல், வட்டமாகவே இல்லை. பத்து வருடமாக முட்டை வடிவப் பாத்திரம் ஒன்றைத் தட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

கைதான் முக்கியம், செட் எதுவானால் என்ன என்று சிலர் சொல்வார்கள். டிரம்ஸ் சிவமணி சூட்கேஸில் வாசித்தாலே கூட்டம் மயங்குகிறதே என்பார்கள். அவர் கைக்கு நானும் அடிமைதான். ஆனால் சூட்கேஸிடம் யாரும் சுருதி கேட்பதில்லை. வட்டமில்லாத ஷெல்லில் சுருதி நிற்காது, யார் அடித்தாலும்.

ஆகவே முதல் விஷயம்: பழைய செட்டில் காசு கொடுத்து வாங்குவது ஷெல்லையும் அதன் விளிம்பையும்தான். மற்றதெல்லாம் மாற்றக்கூடியது. ஸ்கின் மாற்றலாம். ஸ்நேர் வயர் மாற்றலாம். துருப்பிடித்த டென்ஷன் ராடு மாற்றலாம். பெரும்பாலான கம்பெனிகளின் ராடுகள் ஒரே மரைதான், சோனார் போன்ற சில ஜெர்மன் தயாரிப்புகளின் பழைய செட்டுகளுக்குத்தான் தனியாகத் தேட வேண்டும். ரிம் வளைந்திருந்தால்கூட வேறு கிடைக்கும். ஆனால் ஷெல் வளைந்தால், பிளைவுட் அடுக்கு பிரிந்தால், விளிம்பு தேய்ந்தால், நம் ஊரில் அதைச் சரிசெய்யும் ஆள் கிடைப்பது அபூர்வம். நல்ல தச்சரால் தேக்கில் கதவு செய்ய முடியும். 45 டிகிரிச் சரிவில் டிரம் விளிம்பை வட்டம் முழுக்கச் சமமாக வெட்டுவது வேறு வேலை.

விளிம்பு ஏன் இவ்வளவு முக்கியம்? ஸ்கின் ஷெல்லைத் தொடுவது அந்த ஒரு கோட்டில் மட்டும்தான். அடித்த அதிர்வு மரத்துக்குள் இறங்குவதும் அங்கேதான். கூர்மையான விளிம்பில் தொடும் பரப்பு குறைவு. ஒலி பளிச்சென்று, நீளமாக இருக்கும். பழைய காலச் செட்டுகளில் உள்ளதுபோல உருண்டையாக இருந்தால் தொடும் பரப்பு அதிகம். ஒலி கொழுப்பாக, சீக்கிரம் அடங்கும். இரண்டும் நல்லதே. ஒரு பக்கம் கூர்மையாகவும் ஒரு பக்கம் மழுங்கியும் இருப்பதுதான் கேடு. அதனால்தான் கிரானைட் மேடை. நம் வீடுகளில் அதைவிடச் சமமான பரப்பு கிடையாது. ஷெல்லைக் கவிழ்த்து, உள்ளே டார்ச் வைத்து, மேல்பக்கத்தை மூடி, அறையை இருட்டாக்கினால் விளிம்பு எங்கே தூக்கியிருக்கிறதோ அங்கே வெளிச்சம் காட்டிக்கொடுத்துவிடும். பிறகு டேப் எடுத்து நாலு திசையில் குறுக்களவு. இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் வரை நான் பொறுப்பேன், அதற்கு மேல் இல்லை. டேப் இல்லாவிட்டால் ஸ்கின்னை ஷெல்மேல் சும்மா வைத்து விரலால் சுற்றிப் பாருங்கள். தாராளமாகச் சுற்ற வேண்டும். ஓர் இடத்தில் இறுகி, ஓர் இடத்தில் லொடலொடத்தால் கிளம்பி வந்துவிடுங்கள்.

ஸ்கின்னைக் கழற்ற விடமாட்டேன் என்று சொல்பவரிடம் வாங்கவே கூடாது. நான் பார்த்த முதல் செட் அப்படித்தான். திருச்சியிலேயே ஒருவர் விற்றார். சிவப்பு ராப், புதுசு போல மின்னியது. "எல்லாம் டியூன் பண்ணி வெச்சிருக்கு, கழட்டாதீங்க" என்றார். காற்றுத் துளை வழியாகச் செல்போன் வெளிச்சத்தை விட்டுப் பார்த்தேன். கிக் டிரம்மின் உள்பக்கம் அடுக்கு பிரிந்து, நனைந்த அட்டைப் பெட்டி போல உப்பியிருந்தது. வெள்ளத்தில் நனைந்ததோ, மாடியில் மழையில் கிடந்ததோ, தெரியவில்லை. மேலே ஒட்டியிருந்த ராப் மட்டும் புதிது. கேட்ட விலையில் பாதிக்குக் கொடுத்திருந்தாலும் அது விறகுதான்.

இரண்டாவது செட் எனக்கு இன்னும் மனசில் நிற்கிறது. புதுச்சேரியில் ஒரு கார் ஷெட்டுக்குள், மெத்தை விரிப்பு போர்த்திய பழைய பேர்ல் எக்ஸ்போர்ட். எக்ஸ்போர்ட் வரிசை 1982-இல் வந்தது. சாதாரண விலையில் மேடைக்குத் தாங்குகிற செட் என்றால் உலகம் முழுக்க முதலில் நினைவுக்கு வரும் பெயர்களில் அது ஒன்று. மரம் விலை உயர்ந்த மரம் இல்லை. ஆனால் ஷெல் வட்டம் பிசகவில்லை, விளிம்பு சுத்தம், லக் எல்லாம் இறுக்கமாக இருந்தது. விற்றவர் ஹோட்டல்களில் வாசித்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு ராடையும் வருடம் ஒரு முறை கழற்றி எண்ணெய் போட்டிருக்கிறார். 12, 13, 16 இன்ச் டாம்கள், ஆழமான கிக், கனமான இரட்டைத் தகட்டுக் கால் ஸ்டாண்டுகள். என் வேனில் பின் சீட்டை மடக்கினால்தான் ஏறும். பெரிய வண்டியும் இறக்கி ஏற்ற ஆளும் உள்ளவர் என்றால் யோசிக்காமல் வாங்கியிருக்கலாம். எனக்கு அந்த வசதி இல்லை. அவரிடம் அரை மணி நேரம் பேசிவிட்டு, காபி குடித்துவிட்டு வந்தேன்.

அளவு என்பது ஒலி மட்டும் இல்லை, முதுகுவலியும்தான். இரவு ஒரு மணிக்குக் கச்சேரி முடியும். மேடைக்குப் பின்னால் வயல் வரப்பு. அந்த இருட்டில் ஸ்டாண்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்களுக்குத் தெரியும். எனக்குச் சரியென்று பட்டது 22 இன்ச் கிக், 10, 12, 16 டாம்கள். வண்டி இன்னும் சிறியது என்றால் 20 இன்ச் கிக், 14 ஃப்ளோர் டாம். மைக் வைத்தால் 20 இன்ச் கிக் சின்னதாகக் கேட்காது. ஸ்டுடியோவில் பல நேரம் அதுதான் சுலபமாக அடங்கும். ஸ்டாண்டுகளில் ஒற்றைத் தகட்டுக் கால் போதும், ஹை-ஹாட்டுக்கு மட்டும் உறுதியானது வேண்டும்.

மரத்தைப் பற்றி ஆயிரம் வாதம் உண்டு. மேப்பிள் கதகதப்பு, பிர்ச் கூர்மை, மகோகனி அடிநாதம் என்பார்கள். ஸ்கின்னும் சுருதியும் அறையும் செய்யும் வித்தியாசத்தைவிட மரம் செய்வது குறைவு என்பது என் அனுபவம். ஆனாலும் நம் பாட்டுகளுக்கு எனக்கு பிர்ச் பிடிக்கும், காரணம் உண்டு. நம் குழுக்களில் டிரம்ஸ் தனியாக நிற்பதில்லை. தபலா, டோலக், சில நேரம் தவில் பக்கத்திலேயே இருக்கும். நடு ஸ்தாயி முழுக்க அவற்றின் இடம். பிர்ச் ஷெல்லில் அடி அதிர்வும் மேல் ஸ்தாயியின் வெட்டும் தூக்கலாக, நடுப்பகுதி சற்று ஒதுங்கினாற்போல இருக்கும். டோலக்காரர் மூச்சு விட இடம் கிடைக்கிறது. ஒலிப்பதிவிலும் அப்படித்தான். யமஹாவின் ரெக்கார்டிங் கஸ்டம் முழுக்க பிர்ச். ஸ்டீவ் கேட் போன்ற டிரம்மர்கள் வாசித்து, 1980-களில் ஸ்டுடியோ செட் என்றாலே அதுதான் என்ற பெயர் வாங்கியது.

ரெக்கார்டிங் கஸ்டம் எனக்கு எட்டாத விலை. அதன் தம்பி போல வந்த ஸ்டேஜ் கஸ்டம் எட்டும். இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். 1990-களில் வந்த ஆரம்பகால ஸ்டேஜ் கஸ்டம்களில் பிர்ச்சோடு வேறு மரங்களும் கலந்திருக்கும். பெயரிலேயே பிர்ச் சேர்ந்த பிந்தைய வரிசைதான் முழுக்க பிர்ச். விளம்பரத்தில் "யமஹா ஸ்டேஜ் கஸ்டம்" என்று மட்டும் போட்டிருந்தால் பேட்ஜைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

தூத்துக்குடி வீட்டில் இருந்தது அந்த பிர்ச். மகன் தேவாலயத்தில் வாசித்தவர், இப்போது வேலைக்காக வெளிநாட்டில். இரண்டு வருடமாகச் செட் மாடி அறையில் மூடிக் கிடந்தது. கடலோரக் காற்று தன் வேலையைச் செய்திருந்தது. ரிம், ஸ்டாண்டு, கிக் டிரம்மின் கால்கள் எல்லாம் துருப்புள்ளிகள். துருவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். குரோம் மேல் பொட்டுப் பொட்டாக இருந்தால் அழகுக் குறைவு, அவ்வளவுதான். விலையைக் குறைத்துக் கேட்க நல்ல காரணம். மரைக்குள் துரு இறங்கியிருந்தால்தான் தொல்லை. ஒவ்வொரு ராடையும் கையாலேயே முழுக்க வெளியே எடுத்துத் திரும்ப உள்ளே விட்டேன். மொத்தம் ஐம்பதுக்கு மேல். வீட்டுக்காரர் ஐயா நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டு மட்டும் பாதியில் அடைத்தன. லக் மரை நன்றாகத்தான் இருந்தது, ராடுகள் வளைந்திருந்தன.

அடுத்து, ஓசை. மேடைக்கு வாங்குபவர்கள் இதைச் செய்வதே இல்லை. ஒலிப்பதிவுக்கு வாங்குபவர் செய்யாமல் இருக்கக் கூடாது. செட்டை முழுக்க அடுக்கி, கிக்கை ஒரே ஒரு முறை அழுத்தமாக அடித்துவிட்டு அமைதியாக இருங்கள். எது கிணுகிணுக்கிறது? எது முனகுகிறது? பழைய மாடல் லக்குகளுக்குள் ஸ்பிரிங் இருக்கும், அது அதிரும். கழற்றிப் பஞ்சு வைத்தால் தீரும். டாம் தாங்கியின் மூட்டு தேய்ந்திருந்தால் வரும் லொடலொடப்புக்குப் பஞ்சு உதவாது. பெடல் கீச்சிட்டால் எண்ணெய் போதும். பெடலின் அச்சு பக்கவாட்டில் ஆடினால் அது முடிந்த பெடல். ஸ்டூலையும் மறக்காதீர்கள். மெதுவான பாட்டு ஒன்றில் என் ஸ்டூலின் கீச்சு மைக்கில் விழுந்து, நல்லதாக வந்த ஒரு டேக் முழுதும் போனது. பாடகிக்குத் திரும்ப அந்த பாவம் வரவே இல்லை. அந்தக் குற்ற உணர்ச்சி இன்னும் இருக்கிறது.

செட்டோடு சேர்த்துத் தரும் சிம்பல்களுக்குத் தனி விலை போட விடாதீர்கள். பல நேரம் அவை பித்தளை. வெண்கலப் பானைக்கும் பித்தளைக் குடத்துக்கும் உள்ள ஓசை வித்தியாசம் நம் பாட்டிமார்களுக்குத் தட்டிப் பார்த்தாலே தெரியும். அதே காதுதான் இங்கேயும் வேண்டும். உயர்ந்த சிம்பல்களில் பெரும்பாலானவை எண்பது பங்கு செம்பும் இருபது பங்கு தகரமும் சேர்ந்த வெண்கலம். எட்டுப் பங்கு தகரம் உள்ள வெண்கலத்திலும் பைஸ்டி 2002 போன்ற அருமையானவை உண்டு, ஒலி இன்னும் பளிச்சென்றிருக்கும். பித்தளைச் சிம்பலை எவ்வளவு அடித்தாலும் மூடி விழுந்த சத்தம்தான். பழைய சிம்பல் வாங்கும்போது கீழ்ப்பக்கம் விளிம்பை ஒட்டி நகத்தால் தடவிக்கொண்டே போங்கள், விரிசல் நகத்தில் தட்டும். நடுத்துளை சாவித்துவாரம் போல நீண்டிருந்தால் ரப்பர் குழாய் போடாமல் வருடக்கணக்கில் அடித்திருக்கிறார்கள். பிறகு துளையில் விரலை விட்டுத் தொங்கவிட்டு மெதுவாகத் தட்டுங்கள். ஒலி நீண்டு மெல்லக் கரைய வேண்டும். சரசரப்போடு சட்டென்று செத்தால் எங்கோ விரிசல் இருக்கிறது.

இனி, காசை எங்கே போடுவது. என் கையில் இருந்தது 80,000 ரூபாய். அதில் பாதிக்கு மேல் ஷெல்லில் போடக் கூடாது என்று முதலிலேயே முடிவு செய்திருந்தேன். வெளியூர்க் கச்சேரிகளிலும் சென்னை ஸ்டுடியோக்களிலும் பாதி இடங்களில் செட் அங்கேயே இருக்கும். நான் ரயிலில் எடுத்துப் போவது ஸ்நேர், சிம்பல் பை, பெடல் மூன்றும்தான். எந்த ஊர்ச் செட்டில் உட்கார்ந்தாலும் என் கையும் காலும் நேராகத் தொடுபவை அவை. பாட்டில் ஒவ்வொரு இரண்டாவது அடியிலும் கேட்பது ஸ்நேர். டாம் ஒரு பாட்டில் நாலு இடத்தில் வரும். அதனால் செட்டோடு வந்த மர ஸ்நேரை வீட்டுப் பயிற்சிக்கு வைத்துக்கொண்டு, 14 இன்ச் உலோக ஸ்நேர் ஒன்றைத் தனியாக, பழையதாக, தேடி எடுத்தேன். உலோக ஸ்நேரில் பார்க்க வேண்டியது வயரைத் தூக்கி இறக்கும் நெம்புகோல். தூக்கி வைத்தால் அதிர்விலேயே தானாக நழுவக் கூடாது. அலுமினிய உடலில் குரோம் பூசியவற்றில், லட்விக் சுப்ராஃபோனிக் போன்ற பேர் பெற்ற ஸ்நேர்களில்கூட, பூச்சு அம்மை போட்டாற்போல உதிரும். ஒலிக்கு அதனால் ஒன்றும் ஆகாது. அந்த அம்மைத் தழும்புக்காக விலை குறைத்துத் தருகிறார் என்றால் வாங்கிவிடுங்கள்.

ஸ்கின்னுக்கும் காசு ஒதுக்கி வையுங்கள். பழைய செட்டோடு வரும் ஸ்கின்னை நம்பி ஒலியைத் தீர்மானிக்க வேண்டாம். ஸ்கின் என்று நாம் இன்னும் சொன்னாலும் அது தோல் இல்லை. 1950-களின் பிற்பகுதியில் ரெமோ, எவன்ஸ் போன்றவர்கள் பாலியெஸ்டர் ஸ்கின்னைக் கொண்டுவந்தார்கள்; அதற்கு முன் கன்றுத்தோல்தான். பனி இறங்கும் மார்கழி இரவில் திறந்தவெளி மேடையில் மிருதங்கக்காரர் படும் பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்க்கும்போதெல்லாம் அந்த மாற்றத்துக்கு நன்றி சொல்லிக்கொள்வேன். மேடைக்கு டாம்களில் இரண்டு அடுக்கு ஸ்கின் போடுகிறேன், அடி தாங்கும். ஒலிப்பதிவுக்கு ஒற்றை அடுக்கு, மென்மையாக வாசிக்கும் பாட்டில் ஒவ்வொரு தொடுதலும் கேட்கும்.

சரி, அந்தச் சமையலறைக்கு வருகிறேன். வெளிச்சம் கசிந்த இடத்தில் டாமை நிமிர்த்தி விரலால் விளிம்பைத் தடவினேன். பள்ளம் எதுவும் தட்டுப்படவில்லை. மாறாக, பக்கத்தில் ஏதோ மேடாக, வழவழவென்று இருந்தது. நகத்தால் சுரண்டினேன். மெழுகு. விளிம்பில் ஸ்கின் வழுக்கி உட்காரட்டும் என்று சிலர் மெழுகுவர்த்தியால் லேசாகத் தேய்ப்பது உண்டு. அந்த மகன் நன்றாகவே தேய்த்திருக்கிறார், ஒரு கட்டி அப்படியே ஒட்டி, அந்தப் பக்கத்தையே தூக்கியிருக்கிறது. துணியால் துடைத்துவிட்டுத் திரும்பக் கவிழ்த்து விளக்கை அணைக்கச் சொன்னேன். முழு இருட்டு. அம்மா இருட்டுக்குள்ளிருந்து, "இப்ப வரலல்லா தம்பி?" என்றார். "வரலம்மா" என்றேன். எனக்குக் குரல் கொஞ்சம் தழுதழுத்தது.

ஸ்டாண்டுகளோடு 39,000-க்குத் தந்தார்கள். ஐயா கூடுதலாக ஒன்றும் கேட்கவில்லை, செட்டைத் துடைக்கும் மஞ்சள் துணியையும் பைக்குள் வைத்தார். பழைய பில்லையும் தேடி எடுத்துக் கொடுத்தார். யாரிடம் வாங்கினாலும் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஊர் வந்ததும் அத்தனை ராடையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்தேன், வளைந்த இரண்டையும் மாற்றினேன். போன வாரம் அதே ஸ்டுடியோவில், அதே தம்பி முன்னால் 12 இன்ச் டாமுக்குச் சுருதி வைக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அவன் எதுவும் சொல்லவில்லை, அடுத்த மைக்கை எடுத்து மாட்டப் போனான்.

மேடைக்கு இன்னும் சில வேலை பாக்கி இருக்கிறது. கிக் நழுவாமல் இருக்கப் போடும் பவானி ஜமுக்காளத்தில் ஸ்டாண்டுகளின் இடத்தைப் புதிதாக டேப் ஒட்டிக் குறிக்க வேண்டும், பழைய குறிகள் இந்தச் செட்டுக்குப் பொருந்தவில்லை. ஹை-ஹாட் கிளட்ச்சில் மரை தேய்ந்திருக்கிறது. ஃப்ளோர் டாமின் ஒரு காலில் ரப்பர் இல்லை. மருந்துக் கடையில் கைத்தடிக்கு விற்கும் அடிரப்பர் பொருந்தும் என்று நினைக்கிறேன். நாளைக்குப் போய் மூன்றாக வாங்கி, மூன்று காலுக்கும் ஒரே மாதிரி போட்டுவிடப் போகிறேன்.